தாய் கறந்ததை மகள் கறப்பாளா?

“இதோட தாய் வேளைக்குப் பன்னிரண்டு லிட்டர் கறந்துச்சுங்க. முக்காப் பங்கு எச்.எஃப். ரத்தம்.”

கருங்கல்பாளையமோ பொள்ளாச்சியோ மணப்பாறையோ, எந்த மாட்டுச் சந்தைக்குப் போனாலும் இந்த இரண்டு வாக்கியங்களைக் கேட்காமல் திரும்ப முடியாது. துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசும்போது பத்தாயிரம், இருபதாயிரம் என்று ஏறுவது இவற்றால்தான். தரகர் வாய்ப்பேச்சு என்று ஒதுக்கிவிடவும் முடியாது. வாங்குகிறவர் நம்புகிறார். பால் பண்ணை வைத்து லட்சாதிபதி ஆவது எப்படி என்று யூடியூபில் வகுப்பெடுப்பவர் சொல்கிறார். படித்துவிட்டு வேலையை உதறி மாட்டுக்கொட்டகை போட்ட இளைஞர்களும் சொல்கிறார்கள். நல்ல ரத்தம் கொட்டகைக்குள் வந்துவிட்டால் பால் தானாக வரும் என்பது இன்று ஏறக்குறைய எல்லோருக்கும் ஏற்புடைய கருத்து.

அந்தக் கருத்து தவறு என்பது என் கட்சி. பரம்பரைக்கும் பாலுக்கும் தொடர்பே இல்லை என்று வாதாட நான் வரவில்லை. அப்படிச் சொல்கிறவர் ஒரு நாளும் பாலை அளந்து பார்த்திருக்க மாட்டார். பரம்பரை என்று பெயர் சூட்டி சந்தையில் எதை விற்கிறார்களோ, அதில் பரம்பரை பற்றிய தகவல் அநேகமாக ஒன்றுமே இல்லை என்கிறேன்.

எதிர்த்தரப்பின் மிக வலுவான சான்றை முதலில் நானே எடுத்து வைத்துவிடுகிறேன். 1944இல் அமெரிக்காவில் சுமார் 2.56 கோடி கறவை மாடுகள் இருந்தன. அவை ஆண்டுக்கு 5,300 கோடி கிலோ பால் கொடுத்தன. 2007இல் மாடுகள் 92 லட்சமாகச் சுருங்கின. பாலோ 8,400 கோடி கிலோ ஆயிற்று. ஒரு மாட்டின் ஆண்டுக் கறவை 2,000 கிலோவிலிருந்து 9,000 கிலோவுக்கு மேல் போய்விட்டது. இந்த ஏற்றத்தில் பாதிக்குக் குறையாமல் இனவிருத்தியால் வந்தது என்பதை அத்துறையில் யாரும் மறுப்பதில்லை. பரம்பரை பேசுகிறவர்கள் இதைவிடப் பெரிய ஆதாரம் கேட்க முடியாது.

ஆனால் அந்த மாற்றம் எப்படி நடந்தது என்று பார்த்தால் அவர்கள் வாதம் அங்கேயே முறிகிறது. பெயர் பெற்ற இனங்கள் 1944இலும் அமெரிக்காவில் இருந்தன. நம் சந்தையில் எச்.எஃப். எனப்படும் ஹோல்ஸ்டீன்கள் அன்றும் கறுப்பும் வெள்ளையுமாக மேய்ந்துகொண்டிருந்தன. புதிதாக வந்தது கணக்கு. டென்மார்க்கின் வெயென் என்ற ஊரில் 1895இல் விவசாயிகள் கூடி, ஒருவரைச் சம்பளத்துக்கு வைத்து, வீடு வீடாக ஒவ்வொரு மாட்டின் பாலையும் கொழுப்பையும் தனித்தனியே அளந்து எழுதச் செய்தார்கள். அந்த வழக்கம் 1906இல் அமெரிக்காவின் மிச்சிகனுக்குப் போனது. எந்தக் காளையின் மகள்கள் எவ்வளவு கறந்தார்கள் என்று எழுதிவைத்த ஏடுகள் அரை நூற்றாண்டு சேர்ந்த பிறகுதான் உறைவிந்தும் கணினியும் கைகொடுத்தன. சந்தையில் நின்று “நல்ல ரத்தம்” என்று சொல்வதற்கும் இதற்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை.

இனி தாய் கதைக்கு வருவோம். தாய் அதிகம் கறந்தால் மகளும் கறப்பாள் என்பது பார்வைக்கு நியாயமாகத்தான் இருக்கிறது. எவ்வளவு கறப்பாள் என்று கேட்டால்தான் சிக்கல். ஒத்த சூழலில் வளரும் மாடுகளிடையே காணும் பால் வேறுபாட்டில் ஏறத்தாழ கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரைதான் பிறப்பால் வருகிறது. மீதி தீனி, தண்ணீர், வெயில், கறக்கும் கை, மடிநோய், கன்று போட்ட மாதம், எத்தனையாவது ஈத்து என்பவற்றால் வருவது. ஊர்ச் சராசரி நாளுக்கு 10 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தாய் 20 லிட்டர் கறந்தாள். கூடுதல் 10 லிட்டரில் பிறப்பின் பங்கு தோராயமாக 3 லிட்டர். தாய் தன் மரபணுக்களில் பாதியைத்தான் மகளுக்குத் தருகிறாள். ஆக மகளுக்குப் போவது ஒன்றரை லிட்டர். காளை சராசரியானது என்றால், அந்த மகளிடம் நியாயமாக எதிர்பார்க்கக்கூடியது பதினொன்றரை லிட்டர். வாங்கினவர் இருபது லிட்டர் கனவோடு வீட்டுக்கு ஓட்டிப்போகிறார். ஆறு மாதம் கழித்து “தரகன் ஏமாத்திட்டான்” என்கிறார். தரகர் உண்மையே சொல்லியிருந்தாலும் முடிவு இதுதான்!

அந்தப் பதினொன்றரையும் பல மகள்களின் சராசரி. தனியொரு மகள் அதிலிருந்து எந்தப் பக்கமும் விலகலாம். ஒரே தாய், ஒரே காளைக்குப் பிறந்த அக்கா தங்கை இருவரில் ஒருத்தி எட்டு, இன்னொருத்தி பதினைந்து கறப்பதை எந்தக் கொட்டகையிலும் பார்க்கலாம். ஒவ்வொரு கன்றுக்கும் பெற்றோரின் மரபணுக்கள் புதிதாகக் கலைத்துப் போடப்படுகின்றன. தாய் தந்தை இருவரின் பிறவித் தகுதியும் துல்லியமாகத் தெரிந்திருந்தாலும், கன்றுகளிடையே வரும் பிறவி வேறுபாட்டில் ஏறக்குறைய பாதியை முன்கூட்டிச் சொல்ல முடியாது. தாயின் ஒரு ஈத்துக் கணக்கு மட்டும் கையில் இருந்தால் நிலைமை இன்னும் மோசம். மகளின் பிறவித் தகுதியில் நூற்றுக்கு ஏழு எட்டுப் பங்கைத்தான் அது விளக்கும்.

இதில் “ஒரு ஈத்துக் கணக்கு” என்பதே தாராளம். சந்தையில் சொல்லப்படுவது ஒரு நாள் கணக்கு. கன்று போட்ட ஆறு முதல் எட்டு வாரத்தில் கறவை உச்சத்துக்குப் போய் அப்புறம் படிப்படியாக இறங்கும். உச்சநாளில் கறந்ததை ஆண்டு முழுக்கக் கறந்ததுபோலப் பேசுவது நம் வழக்கம். பல நாடுகளில் 305 நாள் கறவையைத்தான் கணக்கு என்கிறார்கள். முந்தின வேளை கறக்காமல் விட்டு மடியைத் ததும்ப வைத்துக் கொண்டுவரும் வித்தையைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அப்படியானால் எந்தக் கணக்குக்கு மதிப்பு உண்டு? காளையின் கணக்குக்கு. காளை பால் தராது என்பதால் அதன் தகுதியை அதன் மகள்களிடம்தான் படிக்க முடியும். பத்து மகள்களின் கறவையைப் பத்து வீடுகளில் அளந்தால் காளையின் தகுதியில் 45 சதவீதம் அளவுக்குத் தெளிவு கிடைக்கும். ஐம்பது மகள்கள் என்றால் 80 சதவீதம். ஒரு காளை உறைவிந்தின் வழியே ஆயிரக்கணக்கான வீடுகளுக்குப் போகிறது. ஒரு தாய்ப்பசு தன் ஆயுளில் போடும் பெண் கன்றுகளையோ விரல்விட்டு எண்ணிவிடலாம். ஒரு நாட்டின் பால் கூடுவதும் குறைவதும் காளைத் தேர்வில் இருக்கிறது என்பதற்கு இதுவே காரணம். நம்மிடமோ விற்பவரிடம் தாயைப் பற்றி ஒரு புராணம் இருக்கிறது. தகப்பன் யார் என்று கேளுங்கள், “ஊசி போட்டது” என்பார். எந்தக் காளை? தெரியாது. உறைவிந்துக் குச்சியின் மேலேயே காளையின் எண் அச்சிடப்பட்டிருக்கிறது. ஊசி போட்டதும் அந்தக் குச்சி குப்பையில் போகிறது. அதோடு அந்தக் கன்றின் வம்ச வரலாறும் போகிறது. காதில் பன்னிரண்டு இலக்க மஞ்சள் வில்லை மாட்டிக்கொண்டு வரும் மாட்டிடம்கூட, அதன் எண்ணுக்கு எதிரே தகப்பன் எண்ணும் கறவைக் கணக்கும் பதிவாகியிருக்கிறதா என்று வாங்குகிறவர் கேட்டு நான் பார்த்ததில்லை.

ரத்த சதவீதத்துக்கு வருவோம். சுழி பார்த்து மாடு வாங்கும் பெரியவரைக் கேலி செய்கிற படித்த விவசாயி, “எழுபத்தஞ்சு பர்சென்ட் எச்.எஃப்.” என்றதும் பணத்தை எடுக்கிறார். அந்த எழுபத்தைந்தை யார் அளந்தார்கள்? தோலில் உள்ள கறுப்பு வெள்ளையைப் பார்த்துச் சொன்னதுதானே! நிறத்தைத் தீர்மானிப்பவை சில மரபணுக்கள். பாலில் பங்கு பெறுபவை ஆயிரக்கணக்கில், ஒவ்வொன்றும் சிறுகச் சிறுக. நிறம் ஒரு பக்கமும் பால் வேறொரு பக்கமும் போக எந்தத் தடையும் இல்லை. சதவீதம் மெய்யாகவே எழுபத்தைந்து என்று ஒப்புக்கொண்டாலும் அது சொல்வது இனத்தின் பெயரை மட்டுமே. ஹோல்ஸ்டீன் காளைகளிலேயே சிறந்ததற்கும் மட்டமானதற்கும் இடையே பெரும் இடைவெளி இருக்கிறது. மட்டமான காளையின் ரத்தம் எழுபத்தைந்து சதவீதம் ஓடினாலும் மட்டமானதுதான்.

நம் வெயிலுக்குக் கீழே இன்னொரு தடையும் உண்டு. வெப்பநாடுகளில் நடந்த கலப்பின ஆய்வுகளை கன்னிங்ஹாமும் சிர்ஸ்டாடும் தொகுத்து ஆராய்ந்ததை ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் 1987இல் வெளியிட்டது. சீமை ரத்தம் பாதி வரை ஏற ஏறப் பால் கூடியது. பாதியைத் தாண்டிய பிறகு ஏற்றம் அநேகமாக நின்றுவிட்டது. கன்று ஈனும் இடைவெளி நீண்டது. முதல் தலைமுறைக் கலப்பில் கிடைக்கும் கூடுதல் வீரியம் அந்தக் கலப்பினங்களையே தங்களுக்குள் சேர்க்கும்போது குறைந்தும் போயிற்று. முப்பத்தெட்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. நம் சந்தையில் இன்றும் சதவீதம் ஏற ஏற விலை ஏறுகிறது.

கன்று ஈனும் இடைவெளியைத் துணைச் செய்தியாக எடுத்துக்கொள்கிறவர்களுக்காக ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். உச்சத்தில் இருபது லிட்டர் கறக்கும் பெரிய மாடு ஒரு ஈத்துக்கு 3,600 லிட்டர் தருகிறது. வெயிலில் இரைத்துக்கொண்டு நிற்கும், பருவத்துக்கு வந்தாலும் வெளியே தெரியாது, ஊசி நிற்பதில்லை. பதினெட்டு மாதத்துக்கு ஒரு கன்று. 540 நாளுக்குப் பகிர்ந்தால் நாளுக்கு 6.7 லிட்டர். பக்கத்து வீட்டு ஜெர்சிக் கலப்பு, ஊரார் “சிந்து” என்று கூப்பிடும் சின்ன உடம்புக்காரி, உச்சத்தில் பதின்மூன்றுதான். ஒரு ஈத்துக்கு 2,700 லிட்டர். பதின்மூன்று மாதத்தில் மறுகன்று போட்டுவிடுகிறாள். 395 நாளுக்குப் பகிர்ந்தால் 6.8 லிட்டர். இருவரும் சமம். பெரிய உடம்பைக் காக்கவே தின்கிற தீனியைக் கழித்தால் சின்னவள் முந்திவிடுவாள். அவள் பாலில் கொழுப்பு கூடுதல் என்பதால் சொசைட்டியில் விலையும் கூடும். ஆனால் சந்தையில் நிற்கும்போது பெரியவளைச் சுற்றித்தான் கூட்டம்.

ரத்தம் போதாததால்தான் நமக்குப் பால் குறைவு என்ற அடிப்படையையே கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது. 2019ஆம் ஆண்டு கால்நடைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் சுமார் 95 லட்சம் மாடுகள். ஐந்தில் நான்கு பங்கு கலப்பினம். நாட்டிலேயே கலப்பினம் இவ்வளவு அடர்ந்த மாநிலங்கள் குறைவு. ரத்தம் ஏற்கெனவே வந்து சேர்ந்துவிட்டது. இருந்தும் இந்தியாவில் கலப்பினப் பசுவின் சராசரி நாளுக்கு எட்டு லிட்டரை ஒட்டியே நிற்கிறது. ரத்தம் கேட்கிற தீனியை நாம் போடவில்லை. இருபது லிட்டர் கறக்கும் மாட்டுக்கு, இரண்டரை லிட்டருக்கு ஒரு கிலோ என்று பார்த்தாலே எட்டு கிலோ அடர்தீவனம் வேண்டும். உடம்பைக் காக்க இன்னொரு ஒன்றரை கிலோ. அதன் மேல் இருபது கிலோவுக்குக் குறையாத பசும்புல். தவிடும் புண்ணாக்கும் ஆளுக்கொரு படி போட்டுவிட்டு வைக்கோலை உதறிக் கொடுத்தால் எந்த வம்சத்து மாடும் பத்தைத் தாண்டாது. கன்று போட்ட புதிதில் தன் உடம்பை உருக்கிக் கறக்கும்; பிறகு எலும்பு தெரிய நின்று, சினை பிடிக்காமல், அடுத்த சந்தைக்குப் போகும். ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும்: நல்ல பரம்பரை மாடு ஏழைக் கொட்டகையில் நாட்டு மாட்டைவிட அதிகமாக அவதிப்படும். கறக்க வேண்டும் என்ற உந்துதல் அதன் உடம்பில் எழுதப்பட்டிருக்கிறது, நிறுத்தத் தெரியாது.

வெயில் நாட்டில் முடியவே முடியாதா என்று கேட்பவர்கள் இஸ்ரேலைப் பார்க்கலாம். பெத் ஷெயான் பள்ளத்தாக்கில் கோடை நம் வேலூரைப் போலச் சுடும். ஆனாலும் அந்நாட்டு மாடுகளின் ஆண்டுச் சராசரி 11,000 கிலோவுக்கு மேல். மாடுகளை நாளில் பலமுறை தண்ணீர் தெளித்து, காற்றாடியின் முன் நிறுத்திக் குளிர்விக்கிறார்கள். தீனியை எடை போட்டுக் கலக்கிறார்கள். ஒவ்வொரு மாட்டுக்கும் கணக்கு இருக்கிறது. அவர்கள் காளைகளும் சிறந்தவைதான். அந்தக் காளைகளின் விந்தை மட்டும் வாங்கிவந்து தகரக் கொட்டகையில் கட்டிய மாட்டுக்குப் போட்டால் இஸ்ரேல் இங்கே வந்துவிடாது.

இதைப் படித்து நாட்டு மாட்டுக் கட்சிக்காரர்கள் மகிழ்ந்தால், அவர்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். “நம்ம கிர் மாடு பிரேசில்ல போய்க் கொட்டுது, நாம சீமை மாட்டைக் கட்டிக்கிட்டு அழறோம்” என்பது அவர்களின் வாதம். அதை நம்பி, குஜராத்திலிருந்து லாரியில் வந்த கிர் மாடுகளை லட்சங்கள் கொடுத்து வாங்கி, நாளுக்கு ஐந்தாறு லிட்டர் கறந்துகொண்டிருப்பவர்கள் தமிழ்நாட்டில் நிறையப் பேர். பிரேசிலுக்குக் கிர் போனது உண்மை. பாவ்நகர் அரண்மனைக் கூட்டத்தின் காளைகளும் 1960களின் தொடக்கத்தில் அங்கே போயின. ஆனால் 1985இலிருந்து அந்நாட்டு அரசின் வேளாண் ஆய்வு நிறுவனமான எம்ப்ராபாவும் வளர்ப்போர் சங்கமும் சேர்ந்து கிர் காளைகளின் மகள்களை அளந்து, தேறாத காளைகளைக் கழித்துக்கொண்டே வந்தார்கள். நாற்பது ஆண்டுக் கழித்தல் அது. நாம் அனுப்பிய கிர் அல்ல இன்று அங்கே கறப்பது. போதாக்குறைக்கு, பிரேசிலின் பாலில் பெரும்பகுதி கிர்–ஹோல்ஸ்டீன் கலப்பான ஜிரோலாண்டோவிலிருந்து வருகிறது. எந்தக் கலப்பை இங்கே எதிர்க்கிறார்களோ அதே கலப்பு!

காங்கேயத்துக்கும் உம்பளச்சேரிக்கும் பால் குறைவு என்று அவற்றை இகழ்வதும் இதே குழப்பத்தின் மறுபக்கம். பல தலைமுறைகளாக அந்த மாடுகளை வண்டியிழுக்கவும் உழவுக்கும் தெரிந்தெடுத்தார்கள். தேர்ந்தெடுத்தது எதுவோ அது கிடைத்திருக்கிறது. வண்டல் சேற்றில் கால் புதைய உழும் உம்பளச்சேரிக் காளையிடம் நான்கு லிட்டர் கூடுதல் பால் எங்கே என்று கேட்பதில் பொருள் இல்லை. பாலுக்காக யாரும் அந்த வம்சத்தைக் கணக்குப் பார்த்து வளர்க்கவில்லை.

பரம்பரையை மெய்யான கணக்கோடு பிடித்தவர்களும் அதற்கு விலை கொடுத்திருக்கிறார்கள். 1962இல் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் பிறந்த பானி ஃபார்ம் ஆர்லிண்டா சீஃப் என்ற ஹோல்ஸ்டீன் காளை, பால் வம்சத்தின் உச்சம். அதற்குச் சுமார் 16,000 மகள்கள், ஐந்து லட்சம் பேத்திகள், இருபது லட்சத்துக்கு மேல் கொள்ளுப்பேத்திகள். அமெரிக்க ஹோல்ஸ்டீன்களின் மரபணுத் தொகுப்பில் 14 சதவீதம் அந்த ஒரே காளையிலிருந்து வந்தது. அதனிடம் ஒரு மரபணுக் கோளாறும் இருந்தது. ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வந்தால் தெரியாது; தாய், தந்தை இரு பக்கமும் வந்து சேர்ந்தால் கரு வயிற்றிலேயே சிதைந்துவிடும். உலகம் முழுவதும் ஐந்து லட்சம் கருச்சிதைவுகள், 42 கோடி டாலர் இழப்பு என்று 2016இல் ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். அதே காளையால் கூடிய பாலின் மதிப்பு 3,000 கோடி டாலர் என்றும் அவர்களே சொன்னார்கள், மறைக்கவில்லை. இரண்டு பக்கத்தையும் எண்ணிச் சொல்ல முடிந்தது, எந்தக் கன்று யாருடையது என்று எழுதிவைத்திருந்ததால். நம் ஊரில் ஒரு காளையின் விந்து ஆண்டுக்கணக்கில் அதே தாலுக்காவில் வந்து இறங்கி, மகளுக்கே தகப்பனின் ஊசி போகும் வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது. கரு நிற்காவிட்டால் “ஊசி போட்டவர் சரியில்லை” அல்லது “மாட்டுக்கு ராசியில்லை”. இதில் எது உறவுக்கலப்பால் வந்தது, எது சத்துக்குறைவால் வந்தது என்று சொல்ல நம்மிடம் ஒரு வரி எழுத்து இல்லை.

இப்போது மரபணுச் சில்லு வந்துவிட்டதே, மகள்களுக்காகக் காத்திருக்க வேண்டாமே என்கிறார்கள். மியூவிசன், ஹேய்ஸ், கோடார்ட் மூவரும் 2001இல் வகுத்த முறை அது. அமெரிக்காவில் 2009இல் நடைமுறைக்கு வந்தது. 2024இல் இந்தியாவும் கௌ சிப் என்ற சில்லை வெளியிட்டது. கன்றின் காது மடலில் கொஞ்சம் தசை எடுத்து அதன் தகுதியை ஊகிக்க முடியும் என்பது பெரிய காரியம்தான். ஆனால் எந்த மரபணு அடையாளம் எவ்வளவு பாலோடு சேர்ந்து வருகிறது என்று சில்லுக்குக் கற்றுக்கொடுப்பவை, கறவை அளந்து எழுதப்பட்ட ஆயிரமாயிரம் மாடுகள். அளக்காத ஊரில் சில்லும் ஊமை.

கடைசி மறுப்பை நான் மதிக்கிறேன். “டென்மார்க்கும் அமெரிக்காவும் பெரிய பண்ணை நாடுகள். இரண்டு மாடு வைத்திருக்கும் நம் வீட்டம்மா எங்கே போய்க் காளையைச் சோதிப்பார்?” உண்மை வேறு விதமாக இருக்கிறது. ஒரு காளையின் ஐம்பது மகள்களும் ஒரே பெரிய பண்ணையில் நின்றால், கறவை காளையால் வந்ததா பண்ணைக்காரரின் தீனியால் வந்ததா என்று பிரிப்பது கடினம். ஐம்பது மகள்கள் ஐம்பது வீடுகளில், ஐம்பது விதத் தீனியில், பக்கத்திலேயே வேறு காளைகளின் மகள்களோடு நின்றால், வீட்டின் பங்கு ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்க் காளையின் பங்கு தனியே தெரியும். சிறு விவசாயிகளின் ஊர் இந்தச் சோதனைக்கு இடைஞ்சல் இல்லை, வசதி. பக்கத்தில் கேரளத்தில் இதைச் செய்தும் காட்டியிருக்கிறார்கள். 1963இல் மாட்டுப்பட்டியில் தொடங்கிய இந்திய–சுவிஸ் திட்டத்தின் தொடர்ச்சியாக, சுநந்தினி என்ற கலப்பின மாட்டுக்கான காளைகளை ஒன்றிரண்டு மாடு வைத்திருந்த வீடுகளிலேயே மகள்களை அளந்து தேர்ந்தெடுத்தார்கள். மாதம் ஒரு நாள், ஒருவர் வீட்டுக்கு வந்து காலையும் மாலையும் கறந்த பாலை அளந்து எழுதிக்கொண்டு போனால் போதும். நம் கிராமத்துச் சொசைட்டியில் தினம் இரண்டு வேளையும் பாலை அளந்து, கொழுப்பும் இதர சத்தும் இயந்திரத்தில் பார்த்து எழுதும் ஆள் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறார். அவர் எழுதுவது வீட்டுப் பெயரில், மொத்தப் பாலுக்கு. மாட்டின் காது வில்லை எண்ணுக்கு எதிரே எழுதச் சொல்லி இதுவரை யாரும் அவரிடம் கேட்கவில்லை.